சென்சார் ஒட்டிய இடத்தில் கொப்புளம்: அடியில் தாள் வைத்தால் போதுமா, சென்சாரையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: 14 நாள் கையில் இருக்கும் சர்க்கரை சென்சார். ஆறு மாதம் தொந்தரவே இல்லை. இப்போது ஒட்டிய இடத்தில் அரிப்பு, சிறு நீர்க்கொப்புளம். ஹைட்ரோகொலாய்டு தாள் (காயத்தின் மேல் ஒட்டும் ஜெல் மாதிரியான பட்டை) அடியில் வைத்துத் தொடரலாமா?

கைச்சர்க்கரை:
தொடரலாம். நம் ஊரில் மாற்று சென்சார் எத்தனை கிடைக்கிறது? இன்சுலின் போடுகிறவருக்கு, அதிலும் தூக்கத்தில் சர்க்கரை தாழ்கிறவருக்கு, அரிக்கிறதென்று கருவியைக் கழற்றி வைப்பதுதான் பெரிய ஆபத்து. தாளை சென்சாரைவிடச் சுற்றிலும் ஒரு செ.மீ. பெரிதாக வெட்டுங்கள், மூலைகளை வட்டமாக்குங்கள், இல்லாவிட்டால் சட்டையில் மாட்டி உரியும். ஒட்டியதும் உள்ளங்கையால் ஒரு நிமிடம் அழுத்துங்கள். உடம்புச் சூட்டில்தான் அது பிடிக்கும். அதன்மேல் சென்சார்.

தோல்பக்கம்:
காரணம் தெரியாமல் தாள் ஒட்டச் சொல்லாதீர்கள். வியர்வை தேங்கியோ, பிய்த்து எடுத்தோ வரும் எரிச்சல் பசையின் விளிம்போடு நிற்கும், கழற்றிய ஓரிரு நாளில் அடங்கும். ஒவ்வாமை அப்படியல்ல. மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டுக் கிளம்பும். அரிப்பு முந்தும், விளிம்பைத் தாண்டிப் படரும், அடுத்த சென்சாரில் இன்னும் சீக்கிரமாக வரும். கேட்டவர் சொல்வது இந்த இரண்டாவது வகை மாதிரித்தான் இருக்கிறது.

2017-ல் பெல்ஜியம், ஸ்வீடன் தோல் மருத்துவர்கள் ஃப்ரீஸ்டைல் லிப்ரே என்ற சென்சாரில் கண்டுபிடித்த ஒவ்வாமைப் பொருள் ஐசோபோர்னைல் அக்ரிலேட் என்ற வேதிப்பொருள். அது அதிகம் இருந்தது பசைப்பட்டையில் இல்லை, பிளாஸ்டிக் உறையின் மேல்பாதியும் கீழ்பாதியும் சேரும் இடத்தில். அங்கிருந்து பசைக்குக் கசிந்து வந்தது. 2020-க்கான ஒவ்வாமைப் பொருளாக அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் இதைத்தான் அறிவித்தது. தோலில் அடிக்கும் தடுப்பு ஸ்ப்ரேயின் மெல்லிய படலம் இதைத் தடுக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

கைச்சர்க்கரை:
ஸ்ப்ரேக்கு நான் வாதாடவில்லை. அது வியர்வை எரிச்சலுக்கும், உரிக்கும்போது தோல் கிழியாமல் இருக்கவும்தான் உதவும். ஹைட்ரோகொலாய்டு தடிமனானது, கதை வேறு. அதோடு லிப்ரேயின் பிந்தைய தயாரிப்புகளில் அந்தப் பொருளை எடுத்துவிட்டார்களே.

தோல்பக்கம்:
எடுத்தார்கள். ஆனால் இன்னொரு பக்கம், டெக்ஸ்காம் ஜி6 என்ற வேறொரு சென்சாரின் பசை மாறிய பிறகு, அதுவரை நன்றாகப் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் ஒவ்வாமை வந்ததை ஜெர்மன் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். பெட்டியில் முழுச் சேர்மானமும் இருக்காது. பெயரைப் பார்த்து நம்ப வழியில்லை.

தடிமனே சிக்கலும்தான். லிப்ரேயில் தோலுக்குள் இறங்கும் இழை சுமார் 5 மி.மீ. தாள் ஒரு மி.மீ. என்றால் தோலுக்குள் அவ்வளவு குறைவாகத்தான் இறங்கும். துளையில்லாமல் தாளின் மேலேயே குத்தினால் பசைத்துகள் உள்ளே போகலாம், இழை வளையலாம். இது நிறுவனம் சோதித்துக் கொடுத்த முறை இல்லை.

கைச்சர்க்கரை:
அதனால்தான் இருப்பதிலேயே மெல்லிய தாள், இழை இறங்கும் இடத்தில் மட்டும் சிறு துளை. முதல் 24 மணி நேரமும், உடம்பு சொல்வதும் சென்சார் காட்டும் எண்ணும் ஒத்துப்போகாத போதெல்லாமும் விரல்நுனியில் குத்திப் பாருங்கள். அப்போதெல்லாம் இன்சுலின் அளவை விரல்நுனியில் வந்த எண்ணை வைத்து முடிவு செய்யுங்கள்.

மருந்துக்கடை:
மூக்கில் அடிக்கும் ஃப்ளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைத் தோலில் அடித்து, காயவிட்டு ஒட்டுகிறார்களே, அதை யாரும் பேசவில்லை.

தோல்பக்கம்:
மருத்துவர் சொல்லி, கொஞ்ச காலத்துக்குச் செய்யலாம். நன்றாகக் காயாவிட்டால் சென்சார் சீக்கிரமே கழன்றுவிடலாம். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் ஸ்டீராய்டு பட்டால் தோல் மெலியும். முக்கியமாக, அழற்சியை அமுக்குகிறதே தவிர ஒவ்வாமைப் பொருள் உள்ளே போவதைத் தடுப்பதில்லை.

என் கட்சி இதுதான்: முதலில் பேட்ச் டெஸ்ட், அதாவது எது ஒவ்வாமை தருகிறதென்று தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை. ஐசோபோர்னைல் அக்ரிலேட்டை வாஸ்லினில் 0.1 சதவீதம் கலந்து முதுகில் 48 மணி நேரம் ஒட்டுவார்கள். எடுத்ததும் ஒருமுறை, மூன்றாம் அல்லது நான்காம் நாள் ஒருமுறை, ஏழாம் நாள் வாக்கில் இன்னொருமுறை பார்க்க வேண்டும். இந்தியாவில் இந்தச் சோதனைக்கு வழக்கமாக வைக்கும் பொருள்களின் அடிப்படை வரிசையில் இது கிடையாது, கேட்டு வைக்கச் சொல்ல வேண்டும். சென்சார் பசையின் துண்டை மட்டும் வெட்டி ஒட்டினால், அளவு போதாமல் ஒன்றுமில்லை என்று தவறாகக் காட்டக்கூடும்.

கைச்சர்க்கரை:
அந்தச் சோதனை கிடைக்க ஒரு மாதம் ஆனால், அந்த ஒரு மாதம் என்ன செய்வது? நான் கேட்பது அதுதான். அந்த இடைவெளிக்குத் தாள் வேண்டும்.

தோல்பக்கம்:
இடைவெளிக்கு என்றால் சரி. ஆனால் கொப்புளம் உடைந்த தோலில் வேண்டாம், மறு கைக்குப் போங்கள், பழைய இடம் முழுக்க ஆறட்டும். சீழ், சூடு, பரவும் சிவப்பு இருந்தால் அன்றே கழற்றி மருத்துவரிடம் காட்டுங்கள். எடுக்கும்போது தேங்காய் எண்ணெயை விளிம்பில் விட்டு ஐந்து நிமிடம் ஊறவைத்து, தோலோடு படிந்தாற்போல மெல்ல உரியுங்கள். அடுத்த சென்சாருக்கு முன் எண்ணெய்ப் பசை போக சோப்பால் கழுவுங்கள்.

தாள் வைத்தும் இரண்டாவது சென்சாரில் தாளுக்கு வெளியே அரிப்பு வந்தால், தாளை இன்னும் பெரிதாக வெட்டாதீர்கள். அன்றைக்கே சென்சாரை நிறுத்தி, சோதனை வரும்வரை விரல்நுனி மீட்டருக்குப் போங்கள்.

கைச்சர்க்கரை:
போகலாம், ஆனால் படுக்கும் முன் ஒன்று, அதிகாலை மூன்று மணிக்கு ஒன்று என்று அலாரம் வைத்துவிட்டுப் போங்கள். தூக்கத்தில் சர்க்கரை தாழ்கிறவருக்கு அந்த மூன்று மணி அலாரத்தை விடவே கூடாது.