ஃபைப்ரோமயால்ஜியாவா (உடம்பு முழுக்க நாள்பட்ட வலி வர்ற நோய்) இருக்குமோ? மதுரை, திருச்சில யார்கிட்ட காட்டலாம்?

வணக்கம், நாங்க காரைக்குடி பக்கம். எங்க ஆத்தாளுக்கு ரொம்ப நாளா கழுத்து, தோள்பட்டை, இடுப்புன்னு மாறி மாறி வலி, தூங்கி எந்திரிச்சாலும் அடிச்சுப்போட்ட மாதிரியே இருக்குங்குறாங்க. கண்டாங்கிச் சேலை தவிர வேற கட்டாதவங்க இப்ப நைட்டியோடயே இருக்காங்க, முந்தானை தோள்ல பட்டாலே வலிக்குதாம்.

மூட்டுவாதம், அழற்சி இருக்கான்னு பாக்குற ஆர்ஏ ஃபேக்டர், ஈஎஸ்ஆர் ரத்த டெஸ்ட், தைராய்டு எல்லாம் நார்மல். அதப் பாத்துட்டு ஒண்ணுமில்ல, எல்லாம் மனசுதான்னு அனுப்பிட்டாங்க, அதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. ஃபைப்ரோமயால்ஜியாவுக்குன்னு தனியா ரத்த டெஸ்ட்டே கிடையாது, 3 மாசத்துக்கு மேல இருக்குற வலி, அசதி, தூக்கம், மறதி எல்லாம் விசாரிச்சுத்தான் கண்டுபிடிக்கணுமாமே, அப்புறம் எப்படி ரிப்போர்ட்ட மட்டும் பாத்து இல்லைங்குறாங்க?

முதல்ல பாக்க வேண்டியது ரூமட்டாலஜிஸ்டா (மூட்டு, தசை வலி டாக்டர்), நியூராலஜிஸ்டா (நரம்பு டாக்டர்)? பொறுமையா கேக்குற டாக்டர் தெரிஞ்சா சொல்லுங்க. இந்த வலிக்குக் குடுக்குற ப்ரீகாபலின் மாத்திரை சாப்பிட்டவங்க இருந்தா தலைசுத்தல், தூக்கக்கலக்கம் எப்படி இருந்துச்சுன்னும் சொல்லுங்க, ப்ளீஸ்.