20 வாத்து முட்டையில் 5 தான் பொரிந்தது, எங்கே தவறு?

கழனிவாசன்:
காக்கி கேம்ப்பெல் ரக வாத்து 12 பெட்டை, 1 ஆண். கோழிமுட்டை வைக்கிற இன்குபேட்டரில் அதே செட்டிங்கில் 20 முட்டை வைத்தேன். 9 கூமுட்டை. 6 முட்டையில் குஞ்சு முழுசாக வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே செத்துவிட்டது. ஆண் சரியில்லையா, மெஷின் சரியில்லையா? கூஸ் வாத்துக்கும் இதே முறைதானா?

ஏரிக்கரை:
இரண்டும் வேறு வேறு கோளாறு தம்பி. கூமுட்டைக்குக் காரணம் ஜோடிக் கணக்கு. ஒரு ஆணுக்கு 5, 6 பெட்டைதான் தாங்கும். உங்களுக்கு 2 ஆண் வேண்டும். தரையிலும் இணையும், ஆனால் தண்ணீரில்தான் நன்றாகச் சேரும். ஓரடி ஆழத் தொட்டி போதும். புது ஆணை விட்டபின் 2 வாரம் கழித்து முட்டை சேருங்கள். சந்தேகமென்றால் புது முட்டை ஒன்றை உடைத்து மஞ்சள் கருவைப் பாருங்கள். வெறும் வெள்ளைப் புள்ளி என்றால் கரு கூடவில்லை. புள்ளியைச் சுற்றி வளையம் தெரிந்தால் கூடியிருக்கிறது.

அடைக்கூடு:
ஓட்டுக்குள் சாவதற்கு ஈரப்பதம்தான் முதல் சந்தேகம். கோழிக்கு 21 நாள், இதற்கு 28. காற்றாடி உள்ள மெஷினில் 37.5 டிகிரி, ஈரப்பதம் 55 சதவீதம். 25ஆம் நாள் முட்டையைத் திருப்புவதை நிறுத்தி ஈரப்பதத்தை 70க்கு மேல் ஏற்றுங்கள். அதன்பின் மூடியைத் திறக்கவே கூடாது. திறந்தால் உள்தோல் காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் திரும்ப முடியாது. ஆரம்பத்திலேயே ஈரம் அதிகமானாலும் ஆபத்து: முட்டைக்குள் காற்று நிற்கும் காற்றறை சிறுத்து, குஞ்சு மூச்சுவிட இடம் இருக்காது. இரண்டாம் வாரத்திலிருந்து 24ஆம் நாள் வரை மட்டும் தினமும் 10 நிமிடம் ஆறவிட்டு வெதுவெதுப்பான நீர் தெளியுங்கள். தாய் வாத்து இரைக்கு எழுந்துபோய் நனைந்த இறகோடு திரும்பி உட்காருவது இதைத்தான் செய்கிறது. ஓடு கீறியபின் வெளிவர ஒருநாளுக்கு மேலும் ஆகும். தயவுசெய்து பிய்த்து எடுக்காதீர்கள், ரத்தம் கசிந்து செத்துப்போகும்.

தாராக்கூட்டம்:
முட்டையையும் கவனியுங்கள். விடியுமுன்னே இட்டுவிடும், காலையிலேயே பொறுக்கிவிடுங்கள். அழுக்கு முட்டையைக் கழுவி அடைக்கு வைக்காதீர்கள், கிருமி உள்ளே இறங்கும். கூர்முனை கீழே இருக்க, 7 நாளுக்கு மேல் சேர்க்க வேண்டாம். அடைக்கோழியில் வைத்தால் 8, 10 முட்டை போதும். கனமான முட்டையைக் கோழி சரியாகப் புரட்டாது, நீங்கள்தான் புரட்டவேண்டும்.

ஏரிக்கரை:
கூஸ் பற்றி: ஒரு ஆணுக்கு 3, 4 பெட்டை, அடை சுமார் 30 நாள். முதல் வருட முட்டையில் கரு குறைவாகத்தான் கூடும். இரண்டாம் வருட முட்டையை வையுங்கள். மஸ்கோவி வாத்து என்றால் 35 நாள். மஸ்கோவியும் காக்கி கேம்ப்பெல்லும் கலந்து பிறந்ததை இனவிருத்திக்கு நிறுத்தாதீர்கள், அது மலடு.