புதுப்பிப்பு: அப்பாவின் சிறுநீரில் ரத்தம்

வலியே இல்லாமல் அப்பாவுக்குச் சிறுநீரில் ரத்தம் போகிறது என்று எழுதியிருந்தேன். சூடு, கல் என்றெல்லாம் சொன்னீர்கள். ஆனால் அது சிறுநீர்ப்பைப் புற்றுநோய். சிறுநீர்ப் பாதை வழியாகவே கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். தசைக்குள் இறங்கவில்லை, அதனால் பை தப்பியது.

இப்போது பிசிஜி சிகிச்சை. ஆமாம், காசநோய் வராமலிருக்கக் குழந்தைகளுக்குப் போடுகிறார்களே, அதே வீரியம் குறைத்த கிருமிதான். டியூப் வழியாகப் பைக்குள் விடுகிறார்கள்; அங்கே எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடுகிறது. 1976இலிருந்தே பயனில் உள்ள முறை. வாரம் ஒருமுறை, ஆறு வாரம். இரண்டு மணி நேரம் அடக்கி வைப்பதுதான் அப்பாவுக்குப் பெரும்பாடு, எரிச்சல் வேறு.

பீடியை விட்டுவிட்டார். புகையின் நச்சு சிறுநீரில்தான் வந்து தேங்குகிறதாம். ரத்தம் தானாக நின்றுவிட்டாலும் யூராலஜிஸ்டை (சிறுநீர்ப் பாதை மருத்துவரை) பார்க்காமல் இருக்காதீர்கள், அப்பாவுக்கும் இடையில் நின்றது. திரும்ப வரக்கூடிய நோய் என்பதால், சிகிச்சை முடிந்ததும் மறுபடி சிஸ்டோஸ்கோப்பி, அதாவது கேமராக் குழாயைப் பைக்குள் விட்டுப் பார்க்கும் சோதனை.