மறு: ராலி செக்பாயின்ட் - தமிழ்ல என்ன சொல்றது?

அனைவருக்கும் வணக்கம்,

மோட்டார் சைக்கிள், கார் ராலிப் போட்டிங்கள்ல வழில வந்து பதிஞ்சாக வேண்டிய எடம்தான் செக்பாயின்ட், அதுக்குத் தமிழ்ல என்ன சொல் போடலாம்ங்கறதுதான் இந்த இழை. ஒருத்தர் இப்படி எழுதியிருந்தார்:

> செக்பாயின்ட் = சோதனைச்சாவடி. ஏற்கெனவே புழக்கத்துல இருக்கு, புதுசா எதுக்கு?

புழக்கத்துல இருக்கறது உண்மைதாங்க, ஆனா எந்த அர்த்தத்துல புழங்குதுன்னு பாக்கணும்ல. சோதனைச்சாவடின்னு படிச்சாலே மனசுல வர்றது காக்கிச்சட்டை, ரோட்டுக்கு குறுக்கால தடுப்பு, டிக்கியத் திற ஆர்சி புக்க எடுன்னு ஒரு குரல். ராலில அப்படி யாரும் உங்கள சோதனை போடறதில்ல. அங்க முக்கியமா நடக்கறது ஒண்ணே ஒண்ணு, நீங்க எத்தன மணிக்கு வந்து சேந்தீங்கங்கறது பதிவாகுது. அதனால சொல்லுல நேரம் வரணும், இல்ல பதிவு வரணும். சோதனை வர வேணாம், இதுதான் என் கட்சி.

வாயால சொன்னா போதாது, ஆட்டம் எப்படி நடக்குதுன்னு பாத்தாத்தான் சொல் கெடைக்கும். அயர்ன் பட் ராலிங்கற நெடுந்தூர மோட்டார் சைக்கிள் போட்டிய எடுத்துக்குங்க. அமெரிக்காவுல 1984ல வெறும் 10 ரைடர்களோட ஆரம்பிச்சது, இப்ப 11 நாள்ல 11,000 மைல்ங்கறதுதான் அதோட அடையாளம், நம்ம கணக்குல 17,700 கிலோமீட்டர் பக்கம் வரும். நடத்தறவங்க போட்ட பாதைலதான் போகணும்னு எதுவும் கிடையாது. ஒரு பட்டியல் கைல குடுப்பாங்க, எந்தெந்த எடத்துக்குப் போனா எவ்ளோ மதிப்பெண்ணுன்னு இருக்கும், எத வேணா பொறுக்கிக்கலாம் எத வேணா விட்டுடலாம், ஆனா இன்ன தேதி இன்ன மணிக்குள்ள இன்ன ஊர் செக்பாயின்ட்ல வண்டி நிக்கணும். லேட்டானா நிமிஷக் கணக்குல மதிப்பெண் கழியும், அதுக்கும் ஒரு எல்லை வச்சிருப்பாங்க, அதையும் தாண்டினா வந்ததாவே கணக்கில்ல. அதனால ரைடர் பாதைய முன்னாலருந்து போடறதே இல்ல, செக்பாயின்ட் மணியிலருந்து பின்னோக்கித்தான் போடறான், இங்க தூங்கினா அது போச்சு, அத விட்டா இத புடிக்கலாம்னு. வேகமா ஓட்டறவன் ஜெயிக்கிற போட்டி இல்ல இது. ஓய்வெடுத்ததுக்குன்னே மதிப்பெண் உண்டு, ஓய்வு ஆரம்பிச்சப்ப ஒரு பில், முடிஞ்சப்ப ஒரு பில் காட்டணும்.

சரி, வந்து சேந்தாச்சு, மணி பதிஞ்சாச்சு. அதோட முடிஞ்சிதான்னா இல்ல. இதுக்கப்புறம்தான் மதிப்பெண் மேசை. போன எடத்துலல்லாம் தன் நம்பர் போட்ட ராலிக் கொடி தெரியற மாதிரி போட்டோ எடுத்திருக்கணும், பதிவுத்தாள்ல எடத்தோட குறியீடு, ஓடோமீட்டர் காட்டின எண், தேதி, நேரம் எல்லாம் எழுதியிருக்கணும், பெட்ரோல் பில் அதோட ஒத்துப்போகணும். ஓடோமீட்டர் எண்ண ஒரு எடத்துல மாத்தி எழுதிட்டா முன்னூறு மைல் சுத்திப் போய் வாங்கின மதிப்பெண் அந்த மேசைல காணாமப் போகும். அதனால பழம் தின்னு கொட்ட போட்ட ரைடருங்க மணி பதிஞ்ச உடனே மேசைக்கு ஓட மாட்டாங்க, ஜாக்கெட்டக்கூட கழட்டாம ஒரு மூலைல உக்காந்து பில்ல எல்லாம் வரிசையா அடுக்கி ஒவ்வொண்ணா டிக் போட்டுட்டு அப்புறமாத்தான் போவாங்க. ஆக செக்பாயின்ட்டுங்கற ஒத்த சொல்லுக்குள்ள ரெண்டு எடம் இருக்கு, மணி பதியற வாசல் ஒண்ணு, கணக்கு பாக்கற மேசை ஒண்ணு. ரெண்டாவதுக்கு கணக்குமேசைன்னு போட்டுடலாம், யாரும் சண்டைக்கு வர மாட்டாங்கன்னு நெனைக்கிறேன்.

அடுத்தது டக்கார்ங்கற பாலைவன ராலி மாதிரி கட்டம் கட்டமா ஓட்டற ராலி. இங்க சாலையோரத்துல வச்சிருக்கற பலகைங்களே நமக்கு வழி சொல்லுது. கடிகாரப் படம் போட்ட பலகை இருந்தா அது நேரத்தப் பதியற எடம், ரப்பர் ஸ்டாம்ப் படம் இருந்தா நீங்க இந்த வழியாத்தான் வந்தீங்கன்னு முத்திரை குத்தற எடம், அங்க எப்ப வந்தீங்கங்கறது பெரிய விஷயமில்ல. படத்துலயே இருக்கு பாருங்க: நேரச்சாவடி, முத்திரைச்சாவடி. இதவிட என்ன வேணும்?

நேரச்சாவடில இன்னொரு கூத்து. முன்னாடியே வந்தாலும் தண்டம். எஃப்ஐஏங்கற உலக மோட்டார் பந்தய அமைப்போட கார் ராலி விதிப்படி ஒரு நிமிஷம் லேட்டா போனா 10 செகண்ட், ஒரு நிமிஷம் முன்னாடி போனா 60 செகண்ட், அதாவது ஆறு மடங்கு! மொதல்ல மஞ்சள் பலகை, கொஞ்சம் தள்ளி செவப்புப் பலகை. மஞ்சளத் தாண்டிட்டா சாவடிக்குள்ள வந்த மாதிரி, அதனால அதுக்கு முன்னாடியே ஓரமா நிறுத்திட்டு கையில நேர அட்டைய வச்சிக்கிட்டு கடிகாரத்தையே மொறச்சிக்கிட்டு நிப்பாங்க, தன்னோட நிமிஷம் பொறந்ததும் உள்ள போய் அட்டைய மார்ஷல், அதாவது சாவடில உக்காந்திருக்கற போட்டி அலுவலர், கைல குடுப்பாங்க, குடுக்கற அந்த நொடிதான் கணக்கு. நம்மூர் டிஎஸ்டி (டைம்-ஸ்பீட்-டிஸ்டன்ஸ், சொன்ன சராசரி வேகத்துல ஓட்டற) ராலிலயும் சீக்கிரம் வந்தவனுக்கு அடி உண்டு. ஆகவே பெனால்டிக்கு 'தாமதக் கழிவு'ன்னு எழுதினவருக்கு: கழிவுன்னா படிக்கறவன் வேற எதையோ நெனச்சிப்பான், முன்னாடி வந்தவனுக்கும் அது ஒத்து வராது. தண்டம்னே வச்சிக்கலாம், பிந்தல் தண்டம், முந்தல் தண்டம்.

செக்பாயின்ட்டுக்கு இந்த இழைல வந்த மத்த பரிந்துரைங்கள வேகமா பாத்துடறேன். கட்டுப்பாட்டு நிலையம் - கொள்ளைநோய் காலத்து வாசன அடிக்குது. மைல்கல் - அதுக்கு ஏற்கெனவே வேல இருக்கு. தங்கல் - அழகான சொல்தான், ஆனா யாரும் அங்க தங்கறதில்லையே. கெடுநிலை - காலக்கெடுவ வச்சி செஞ்சிருக்கார்னு புரியுது, ஆனா பலகைல எழுதி வச்சா ரைடர் உள்ள வருவானா?

வேபாயின்ட்டையும் (பாதைல தாண்டிப் போக வேண்டிய ஜிபிஎஸ் புள்ளி) இதுலயே சேக்கலாம்னு ஒருத்தர் கேட்டிருந்தார். வேணாம்ங்க. அங்க ஆளே கிடையாது, பக்கத்துல போனா வண்டில இருக்கற ஜிபிஎஸ் கருவியே பதிஞ்சிக்கும். ஒரு விதி வச்சிக்கலாம்: ஆள் உக்காந்திருந்தா சாவடி, ஆள் இல்லன்னா குறி. ஆக வேபாயின்ட் தடக்குறி.

இந்த விதியால இன்னொரு சிக்கலும் தீருது. நம்ம பசங்க நெறய பேர் முயற்சி பண்றது சேடில்சோர்ங்கற நெடுந்தூர பைக் சவால்தான், 24 மணி நேரத்துல 1,000 மைல், மெட்ரிக்ல 1,610 கிலோமீட்டர். அதுல சாவடியும் இல்ல மார்ஷலும் இல்ல, மொத பெட்ரோல் பில்லுல அச்சாகியிருக்கற நேரம்தான் தொடக்கம், திரும்பற எடத்துலல்லாம் ஒரு பில் வாங்கணும், இல்லன்னா அங்க வரைக்கும் போனதுக்கு ஆதாரமில்ல. விடியக்காலம் மூணு மணிக்கு பங்க்ல ஆள எழுப்பி பெட்ரோல் போட்டா பேப்பர் ரோல் தீந்துடுச்சி கைல எழுதித் தரட்டான்னு கேப்பார், ரோல் இருந்தா மிஷின்ல தேதி தப்பா இருக்கும், அதனால பலபேர் பக்கத்து ஏடிஎம்ல நூறு ரூபா எடுத்து அந்தச் சீட்டையும் சேத்து வச்சிக்கிறாங்க. இந்த மாதிரி நிக்கறதுக்கு 'சான்று நிறுத்தம்'னு ஒரு சொல் போடலாமா? பங்க்ல ஆள் இருக்காரேன்னு கேக்காதீங்க, அவர் பெட்ரோலுக்கு உக்காந்திருக்கார், ராலிக்கு இல்ல.

---

> ஆள் உக்காந்திருந்தா சாவடி, ஆள் இல்லன்னா குறி

தம்பி, விதி நன்று, எனக்கு ஏற்புதான். சாவடியை விடாமல் வைத்துக்கொண்டதும் மகிழ்ச்சி. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் சாவடி என்றால் போலீஸ் நினைப்பே வராது, ஊர்ப் பொது இடம், வழிப்போக்கன் தலைசாய்க்கலாம், பஞ்சாயத்தும் அங்கேதான். சோதனையும் சுங்கமும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை, அவற்றைக் கழற்றிவிட்டு நேரத்தை ஒட்டுவதில் தவறில்லை.

ஒன்று விட்டுப்போயிற்று. நீங்கள் சொன்ன அதே டிஎஸ்டி போட்டிகளில் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்லாமல் வைக்கும் சாவடிகள் உண்டல்லவா, வளைவு திரும்பினால் மரத்தடியில் மார்ஷல் உட்கார்ந்திருப்பார். அதனால்தான் வழி நெடுக சராசரி வேகத்தைக் காக்க வேண்டியிருக்கிறது, கடைசி ரெண்டு கிலோமீட்டரில் சரிக்கட்ட முடியாது. அதற்குக் 'கரவுச்சாவடி' என்று பரிந்துரைக்கிறேன். கரவு என்றால் ஒளித்தல்.

---

> கரவுச்சாவடி

ஐயா மன்னிக்கணும், கரவுன்னா கறவை மாடுன்னு நெனச்சி பால் சொசைட்டின்னு எழுதிடுவாங்க :-) மறைசாவடி போதுமே.

நான் மோட்டார் ஆள் இல்ல, சைக்கிள் மிதிக்கறவன், ஆனா எங்க ப்ரெவேலயும் (நேர வரம்புக்குள்ள முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) இதே கததான். 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிஷம், 600க்கு 40 மணி, நடுவுல கன்ட்ரோல் வரும், எங்க செக்பாயின்ட் அதுதான், ஒவ்வொண்ணுக்கும் இத்தன மணிக்குத் திறக்கும் இத்தன மணிக்கு மூடும்னு அட்டையிலயே இருக்கும், திறக்கறதுக்கு முன்னாடி போய் நின்னாலும் கையெழுத்து கிடைக்காது. கோயில் நடை மாதிரின்னு வச்சிக்குங்களேன். அதனால நேரச்சாவடி எங்களுக்கும் சரியா பொருந்துது, கூடவே 'சாவடி திறப்பு', 'சாவடி அடைப்பு' ரெண்டையும் சேத்துடுங்க. கெடுன்னு மட்டும் சொன்னா மூடற நேரம்தான் வருது, திறக்கற நேரம் விட்டுப்போயிடுது.

---

திறப்பு, அடைப்பு ரெண்டும் சேத்தாச்சு, இது எனக்குத் தோணவே இல்ல. மறைசாவடிக்கு என் ஓட்டு, ஐயா கோச்சிக்க மாட்டார்னு நம்பறேன்.

இப்போதைக்கு பட்டியல்ல போறது: நேரச்சாவடி, முத்திரைச்சாவடி, மறைசாவடி, கணக்குமேசை, தடக்குறி, பிந்தல் தண்டம், முந்தல் தண்டம், நேர அட்டை, சாவடி திறப்பு, சாவடி அடைப்பு. சான்று நிறுத்தத்துக்கு மட்டும் யாரும் ஆமான்னும் சொல்லல இல்லன்னும் சொல்லல, ஞாயித்துக்கிழம வரைக்கும் பாத்துட்டு நானே சேத்துடுவேன். மதிப்பெண்ணுக்காக ஏறி எறங்கற போனஸ் எடங்களுக்கு இன்னும் சொல் இல்ல, அதுக்கு தனி இழை தொடங்குங்க. இந்த இழையோட தலைப்ப மட்டும் மாத்தாதீங்க சாமி, பின்னாடி தேடினா கிடைக்கவே மாட்டேங்குது.