இடுப்பு வலிக்குக் கைச்சிகிச்சை: புதுப்பிப்பு

பழைய இடுப்பு வலிக்கு முதுகை நெட்டி முறிக்கும் சிகிச்சை கேட்குமா என்று முன்பு கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், கைரோபிராக்டிக் (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அசைத்துப் பார்க்கும் சிகிச்சை) படிக்கும் மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் பார்க்கும் கிளினிக்குக்குப் போய் வருகிறேன். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல்காலை மடக்கி, தோளை ஒரு பக்கமும் இடுப்பை மறுபக்கமும் திருப்பிச் சட்டென்று ஒரு தள்ளு, "சடக்"! சாட்ஸ்வர்த்தில் இருக்கும் எங்கள் அத்தை எலும்பு இடத்துக்கு வந்துவிட்டது என்கிறார். இல்லை அத்தை, மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாகும்போது வரும் சத்தம் அது.

வலி குறைந்திருக்கிறது, காலையில் குனிந்து ஷூ கட்ட முடிகிறது. ஆனால் கூடவே நடக்கவும் ஆரம்பித்துவிட்டேன், அதனால் எது வேலை செய்தது என்று என் முதுகை வைத்துச் சொல்ல முடியாது. 2019இல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 47 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள்: உடற்பயிற்சி போன்ற பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகள் தரும் அளவுக்கே இந்தக் கைச்சிகிச்சையும் வலியைக் குறைக்கிறது. இதில் இன்னொரு சிக்கல், மாத்திரையைச் சோதிக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மாத்திரை கொடுக்கலாம், கைக்குப் போலி எங்கே போவது? தள்ளுகிறவருக்கே தெரிந்துவிடுமே.

இடுப்பு வலிக்குப் போடும் பெல்ட் வாங்கலாமா என்று கேட்டவருக்கு: உலக சுகாதார நிறுவனம் 2023இல் நாள்பட்ட இடுப்பு வலிக்கு பெல்ட்டும் இழுவைச் சிகிச்சையும் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. கால் மரத்தாலோ சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ இதெல்லாம் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.