வள்ளி கும்மி அரங்கேற்றத்துக்கு விமர்சனம் எழுதியது தப்பா?

நொய்யல்கரை:
போன வாரம் சிவன்மலைப் பக்கம் ஒரு ஊரில் வள்ளி கும்மி அரங்கேற்றம்; வள்ளி முருகன் கதையைப் பாடப் பாட, வட்டமாக நின்று கைதட்டி ஆடுகிற நம்ம கொங்கு ஆட்டம். ஆடியவர்கள் 150 பேருக்குக் குறையாது. பார்த்துவிட்டு வந்து எங்கள் ஊர் வாட்ஸப் குழுவில் ஒரு பக்கம் எழுதினேன். பாடி ஆட்டுவிக்கிற ஆசிரியரின் குரலைப் பாராட்டினேன். தினைப்புனக் காவலில் வள்ளி கவண் வீசும் இடத்தில் அத்தனை கையும் ஒரே வீச்சாகப் போனதை நாலு வரி எழுதினேன். உடம்பு சிலிர்த்துவிட்டது, உண்மை. குறை இரண்டு சொன்னேன். முருகன் கிழவனாக வந்து தேனும் தினைமாவும் வாங்கித் தின்று, விக்கலெடுத்துத் தண்ணீர் கேட்கிற இடத்தில் பாட்டை ஓட்டிவிட்டார்கள், ஒரு சொல்கூடக் காதில் நிற்கவில்லை. அப்புறம், மேடைக்கு எதிர்க்கோடியில் நின்ற பெண்களின் கைத்தட்டு கடைசிவரை பிந்தியே விழுந்தது. இதற்குத்தான் நாலு பேர் போன் போட்டுச் சத்தம் போட்டார்கள். சொல்லுங்கள், எழுதியது தப்பா?

சென்னிமலைத்தறி:
தப்புத்தானுங்க. போன வருஷம் எங்கம்மா ஆடினாங்க. பகலெல்லாம் தறி, சாயங்காலம் மாடு கறந்து பால் ஊத்திட்டு, ராத்திரி எட்டு மணிக்குக் கோயில் வாசலில் பயிற்சி. கால் வீங்கி வந்து வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாங்க. காசு வாங்கிக்கொண்டு நடிக்கிற சினிமாவுக்கு விமர்சனம் எழுதுங்க, யாரும் கேட்க மாட்டோம். சாமி முன்னால் ஆடுறவங்களை மார்க் போட நீங்க யாருங்க?

நொய்யல்கரை:
சினிமாவிலும் இதே பேச்சுத்தான் வந்தது தம்பி. படம் வந்த முதல் மூன்று நாள் இணையத்தில் விமர்சனமே வரக்கூடாது என்று தயாரிப்பாளர்கள் தரப்பு 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் போனது. கருத்துச் சுதந்திரம் என்று சொல்லி நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது. ஆக, காசு போட்டவருக்கும் வலிக்கிறது, உழைப்புப் போட்டவருக்கும் வலிக்கிறது. வலிக்கும் என்பதற்காகப் பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியுமா? நான் யாரையும் பேர் சொல்லவில்லை. மார்க்கும் போடவில்லை.

பவானிக்கூடுதுறை:
எனக்கும் விமர்சனம் வேண்டும் என்றுதான் படுகிறது. காரமடைப் பக்கத்து பத்ரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆண்களே ஆடிவந்த கும்மியைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர். இந்த ஆட்டத்துக்கு அந்த மரியாதை வந்த பிறகும், நம்ம ஊரில் இதைப் பற்றி எழுதுகிறதெல்லாம் "அருமை, வாழ்த்துகள்" என்பதோடு நின்றுவிடுகிறது. எந்த அடி எப்படி விழுந்தது, எந்த ஆசிரியர் எந்த மெட்டில் பாடினார் என்று எழுதிவைக்க ஆளில்லை. பரதநாட்டியக் கச்சேரிக்கு எழுதுகிறார்களே, நம்ம கும்மிக்கு ஏன் கூடாது?

சென்னிமலைத்தறி:
எழுதிவைக்க வேண்டாம் என்று நான் சொல்லலீங்க அக்கா. ஊர்க் குழுவில் போட்டால் அந்தக் கோடியில் நின்றது யார் என்று எல்லாருக்கும் தெரியும். பேர் சொல்லலை என்பது அங்கே செல்லாது. ஆசிரியரிடம் நேரில் சொல்லியிருக்கலாம் இல்லையா?

மைக்செட்காரன்:
இடையில் பேசுகிறேன், மன்னிக்கணும். 18 வருஷமாக மைக்செட் போடுகிறேன். அண்ணா, நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்? ஸ்பீக்கர் பாக்ஸ் எத்தனை, எந்தப் பக்கம்?

நொய்யல்கரை:
மேடை ஓரம், முன்வரிசை. பாக்ஸ் இரண்டும் மேடைக்கு இரண்டு பக்கமும் இருந்தன. எதிரில் ஒன்றும் இல்லை. மைதானம் ஒரு 50 மீட்டர் இருக்கும்.

மைக்செட்காரன்:
அதுதான் விஷயம். சத்தம் ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 50 மீட்டர் தள்ளி நிற்கிறவர் காதில் தவில் விழவே கிட்டத்தட்ட 0.15 நொடி ஆகும். அதைக் கேட்டு அவர் சரியாகத் தட்டினாலும், அந்தத் தட்டு உங்களிடம் திரும்பிவர இன்னொரு 0.15. மொத்தம் 0.3 நொடி. வேகமான கும்மியில் அது நன்றாகவே தெரியும். எதிர்க்கோடியில் நின்று பார்த்திருந்தால் பாட்டும் தட்டும் ஒட்டித்தான் கேட்டிருக்கும். வட்டத்துக்கு நடுவில் பாக்ஸ் வைத்து நாலு பக்கமும் திருப்பிவிட்டிருந்தால் இது பாதியாகக் குறைந்திருக்கும்.

சென்னிமலைத்தறி:
இப்போதான் அம்மாவிடம் கேட்டேன். கோடியில் நின்றால் தவில் சரியாகவே கேட்காதாம். பக்கத்து ஆள் காலைப் பார்த்துத்தான் அடி வைப்பாங்களாம்.

நொய்யல்கரை:
இது எனக்குத் தோன்றவே இல்லை. எந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன் என்பதையே நான் எழுதவில்லை. அந்தப் பெண்களிடம் மன்னிப்புக் கேட்டு, கைத்தட்டுக் குறையை எடுத்துவிட்டு, மைக்செட் சொன்னதைச் சேர்த்து இன்று ராத்திரியே குழுவில் போடுகிறேன். கிழவன் காட்சியைப் பற்றிச் சொன்னதை மட்டும் எடுக்க மாட்டேன். வள்ளி ஏமாறுகிற இடமே அதுதான், அங்கே சொல் புரிந்தாக வேண்டும்.

சென்னிமலைத்தறி:
அதை எழுதுங்க, சரி. ஆனால் போடுவதற்கு முன்னால் ஆசிரியர் வீட்டுக்கு ஒரு நடை போய் வாசித்துக் காட்டிட்டுப் போடுங்க. இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

நொய்யல்கரை:
அவர் மாற்றச் சொன்னால் மாற்ற மாட்டேன். ஆனால் போகிறேன்.