வேலியோர ஹெலிகோனியா பாத்தியைத் தாண்டி ஓடுது, மருந்து அடிக்காம அடக்க முடியுமா?

மல்லிகைப்பந்தல் (புக்கிட் மெர்தாஜாம், மலேசியா):
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு கார்னர் லாட். வேலி ஓரமா மூணடி அகலத்துல நீளமா ஒரு பாத்தி, அம்மா போட்டது. பின்னால புங்கா கந்தான் (மொட்டைச் சமையல்ல போடுற இஞ்சி இனச் செடி), நடுவுல ஆரஞ்சு ஹெலிகோனியா, ஓரமா லெங்குவாஸ் (பேரரத்தை), முன்பக்கம் மஞ்சப்பூ வெடேலியா. இப்ப ஹெலிகோனியா கறிவேப்பிலையைச் சுத்தி வளைச்சிருச்சு. லோங்காங் (வடிகால்) சிமெண்டு விரிசல்லயும் முளை வருது. வெடேலியா புல்லுக்குள்ள இறங்கிருச்சு. வெட்ட வெட்ட அடர்த்தியாத்தான் வருது. களைக்கொல்லி அடிச்சிடுங்கன்னு கடையில சொல்றாங்க. அம்மாவுக்கு கந்தான் மட்டும் போகவே கூடாது. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) அசாம் லக்சாவுக்கு (புளிப்பு மீன் நூடுல்ஸ்) அதோட மொட்டு கேட்டு வருவாங்க. எதையும் முழுசா அழிக்காம எல்லைக்குள்ள வைக்க வழி சொல்லுங்க.

பிறை_தோட்டக்காரன்:
தங்கச்சி, மருந்து வேண்டாம். கிளைபோசேட் இலை வழியா இறங்கி கிழங்குக்குப் போகுற மருந்து. ஒரே கிழங்குல நிக்கிற தண்டுல ஒண்ணுக்கு அடிச்சாலும், நீங்க வச்சுக்க நினைக்கிற தண்டும் சேர்ந்து வாடும். சாரல் கறிவேப்பிலை மேல பட்டா அதுக்கும் ஆபத்து. பழைய பாராகுவாட் களைக்கொல்லி போத்தல் யாராவது நீட்டினா தொடவே தொடாதீங்க, 2020 ஜனவரி 1-லிருந்து அது நம்ம நாட்டுல தடை. எங்கம்மா எஸ்டேட்டுல மருந்து பம்பு சுமந்தவங்க. அவங்க நகம் கருத்து உதிர்ந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். பூ பார்க்க வச்ச பாத்திக்கு அந்த விஷம் எதுக்கு?

ஹெலிகோனியா ஓடுறது மண்ணுக்கடியில, கிழங்கு வழியா. நீங்க மேல வெட்டுறது அதுக்கு உறைக்கவே உறைக்காது. ஆனா கிழங்கு ரொம்ப ஆழம் போகாது, பெரும்பாலும் மேல் ஒரு அடிக்குள்ளதான் இருக்கும். அதனால கறிவேப்பிலைக்கு ரெண்டு மூணு அடி தள்ளி ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, கெட்டியான பிளாஸ்டிக் தகடை நிறுத்தி மண்ணை மூடுங்க. தகடு மண்ணுக்கு மேல ரெண்டு இஞ்சு தெரியணும், இல்லன்னா கிழங்கு மேலாலயே தாண்டிடும். ரெண்டு தகடு சேருற இடத்துல ஒரு அடியாவது ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கணும். முளை தப்பிக்கிறது அந்த இடுக்குலதான்.

லோங்காங் பக்கம் தகடு இறக்க இடம் இருக்காது. அங்க ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை சங்கோலால (மண்வெட்டியால) ஓரத்தை நேரா வெட்டி, அந்தப் பக்கம் போன கிழங்கைத் தோண்டி எடுத்துடுங்க. ஹெலிகோனியாவுல ஒரு தண்டு ஒரே தடவைதான் பூக்கும். பூத்து முடிஞ்சதை அடியோட அறுத்தா பாத்திக்குள்ள காத்தும் வெளிச்சமும் வரும்.

யூடியூப்ல வெள்ளைக்காரங்க வசந்தத்துல பிரிங்க, இலையுதிர் காலத்துல பிரிங்கன்னு சொல்றதை இங்க பின்பற்ற முடியாது. அங்க குளிர் வந்து செடியைத் தூங்க வைக்கும். நம்ம ஊர்ல வருஷம் முழுக்க வளர்ச்சிதான், கைவேலையும் வருஷம் முழுக்க. பெரிய தோண்டலை மட்டும் வருஷக் கடைசி மழை அடங்கினதும், தைப்பூசத்துக்கு முன்னால செஞ்சிடுங்க. மண்ணுல ஈரம் இருக்கும், சேறு இருக்காது.

லெங்குவாஸுக்குத் தகடே வேண்டாம். வெளி ஓரத்துல இருக்குற இளங்கிழங்கை அடிக்கடி தோண்டி ரெண்டாங் (மலாய் இறைச்சிக் கறி) சமைக்கப் போடுங்க, போதும்.

செராய்வாசம் (ஆயர் ஈத்தாம்):
அக்கா, வெடேலியாவை நான் வச்சுக்கவே சொல்ல மாட்டேன். உலகத்துல மோசமா பரவுற நூறு உயிரினங்கள் பட்டியல்ல இருக்குற செடி அது. ஒவ்வொரு கணுவுலயும் வேர் விடும். புல்வெட்டும் மெஷினை அது மேல விடாதீங்க; துண்டு சிதறி, சிதறின இடத்துலயெல்லாம் முளைக்கும். மழை பெஞ்ச மறுநாள் ஒரு ஓரத்துலேர்ந்து பாய் சுருட்டுற மாதிரி சுருட்டி இழுங்க, பாதி வேலை முடிஞ்சிரும். மிச்சம் இருக்குற கணுவைக் கையால பொறுக்கணும். எடுத்ததை லோங்காங்லயோ பின்னால காலி நிலத்துலயோ போடாதீங்க, அங்கேர்ந்து ஆத்தங்கரை வரை போயிடும். கறுப்புப் பையில கட்டி, அழுகுற வரைக்கும் வெயில்ல வைங்க. முன் ஓரத்துக்கு மழை லில்லி வைக்கலாம், அது கொத்தாவே நிக்கும்.

மல்லிகைப்பந்தல்:
ரொம்ப நன்றி அண்ணே, நன்றி செராய்வாசம். வெடேலியா இந்த வாரமே போகுது. கந்தானை நீல பிளாஸ்டிக் தோங் (பீப்பாய்) அடியை அறுத்து, அதுக்குள்ள புதைக்கலாமா?

பிறை_தோட்டக்காரன்:
வேண்டாம்மா. ஆள் உயரம் தாண்டி வளர்ற செடி, தோங் அதுக்குப் பத்தாது. கிழங்கு நெருக்கியடிச்சு மொட்டு குறையும். சுத்தி ஒரு மண்வெட்டி அகலத்துக்குப் பள்ளம் விட்டு வைங்க. பள்ளத்துல கிழங்கு எட்டிப் பார்த்தா கண்ணுல படும், உடனே வெட்டிடலாம். கந்தான் மொட்டு இலைத்தண்டு உச்சியில வராது, தனியா மண்ணுலேர்ந்து கிளம்பும். அதனால ஹெலிகோனியா மாதிரி பூத்த தண்டுன்னு தேடி அறுக்காதீங்க, காய்ஞ்ச இலைத்தண்டை மட்டும் எடுங்க. பள்ளத்துல வெட்டின கிழங்குல முளை இருந்தா மக்சிக்குக்கே ஒரு துண்டு குடுங்க, கூடவே அந்தப் பள்ளத்தைப் பத்தியும் சொல்லிடுங்க.